அப்பா பேசிய சொற்களிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்பா போன மாசியில் தவறிவிட்டார். சிலோனிலிருந்து திரும்பி வந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வருஷத் திதிக்குள் அவர் வாழ்க்கையையும் குடும்ப வரலாற்றையும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசைப்படுகிறீர்கள். ஆனால் "கப்பல்ல வந்தோம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசியதில்லை. அவர் கூடப்பிறந்த அத்தை ஒருவர் மட்டும் இலங்கையில், நோர்வூட்டில் இருக்கிறார். எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். இலங்கையில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் 1950-ல் பிறந்தார். 1974-ல் ராமேஸ்வரத்தில் இறங்கினார். நீலகிரியில் பந்தலூர் மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். இப்படித் திரும்பி வந்த குடும்பங்களின் கதைகளைப் பல வருஷமாகக் கேட்டு எழுதி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் காகிதத்தைத் தேடுகிறார்கள். காகிதம் வேண்டும்தான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் நீங்கள் ஒரு நோட்டை எடுத்து, அப்பா வாயில் இருந்த சொற்களை முதலில் எழுதுங்கள். வீட்டில் அவர் மட்டும் சொன்ன சொற்கள், ஊரில் வேறு யாரும் சொல்லாத சொற்கள். அவர் எதையும் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்கள். தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

என் அப்பாவிடம் 'அரைப்பேர்' என்று ஒரு சொல் இருந்தது. வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு விளையாட ஓடினால், "உனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்" என்பார். அம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்தாலும் அரைப்பேர்தான். எங்கள் வீட்டுக் கேலி என்றே நினைத்திருந்தேன். தோட்டத்துக் கணக்கில் அது என்னவென்று பிறகுதான் விளங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை பிரித்துவிட்ட மலைக்குப் போய் வேலை முடித்தால் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன றாத்தல் (பவுண்டு) கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற மனுஷிக்கு, அவள் பேரிலேயே பாதியைத்தான் அன்றைக்குக் கொடுப்பார்கள். அப்பா எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்ன சொல்லுக்குப் பின்னால் அவர் அம்மா, அதாவது என் அப்பாயி, நின்றுகொண்டிருந்தார். அது தெரிந்த பிறகு அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

இப்படி ஒவ்வொரு சொல்லும் ஓர் இடத்தைக் காட்டும். அறையைக் காம்பரா என்பார். வாசல் தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்பார். ரயில் அவருக்குக் கோச்சி, பிரெட் அவருக்குப் பாண். மலையிலிருந்து குழாய் வழி தண்ணீர் விழும் இடம் பீலி. காம்பராவும் பாணும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள், இஸ்தோப்பு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் சொல். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன குடும்பத்தின் நாக்கில் அவை எப்படி ஏறின என்பதே ஒரு நூற்றாண்டுக் கதை. பள்ளிக்கூடத்தில் நான் பாண் என்று சொல்லி மற்ற பிள்ளைகள் சிரித்த பிறகு, நானும் தங்கையும் மாற்றிக்கொண்டோம். அப்பா கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் "பாணும் சாயத்தண்ணியும் வாங்கிட்டு வா" என்றுதான் கேட்டார். சாயத்தண்ணி என்றால் பால் இல்லாத தேநீர்.

உங்கள் வீட்டில் அம்மா, அண்ணன் தம்பிகள், பக்கத்து லைன் பெரியவர்கள் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினாலே ஐம்பது சொல் தேறும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எப்போது சொல்வார், எந்தக் குரலில் சொல்வார் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அதிலேயே பாதி முடிந்துவிடும்.

சரி, இப்போது காகிதம். அப்பாவின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா பாருங்கள். எங்கள் பெட்டி பச்சை நிறம், மூடியில் வெள்ளை பெயிண்டால் தாத்தா பேரும், கீழே 'ராமேஸ்வரம்' என்றும் எழுதியிருக்கும். அதற்குள் பாலித்தீன் உறையில், மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட ஒரு ஃபேமிலி கார்டு. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. குடும்பத்தில் யார் யார், என்ன வயது, இந்தியாவில் என்ன வகை மறுவாழ்வு என்பதெல்லாம் அதில் இருக்கும். தோட்ட வேலையா, வியாபாரக் கடனா என்பது அந்தக் கார்டிலேயே முடிவாகிவிட்டது. ஒரு குடும்பம் நீலகிரிக்கு வந்ததும், இன்னொன்று வால்பாறைக்குப் போனதும், வேறொன்று கேரளத்துப் புனலூரிலோ கர்நாடகத்துச் சுள்ளியாவிலோ ரப்பர் தோட்டத்தில் போய் இறங்கியதும் அவரவர் விருப்பத்தில் நடந்தது இல்லை. நீலகிரியில் 1968-ல் வனத்துறை மூலமாகத் தேயிலை நட ஆரம்பித்ததே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். 1976-லிருந்து அது டேன்டீ என்ற தனி அரசுத் தேயிலைக் கழகமாக நடக்கிறது.

அந்தக் கார்டு ஏன் பிறந்தது என்பதையும் பேரப்பிள்ளைகளுக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் அப்பா ஏதோ வேலை தேடி வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948-ல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்தவர் என்றோ, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்து, அதாவது தோட்டத்து லைன் வீட்டு, காம்பராவில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சீட்டு எங்கே இருக்கும்? அடுத்த வருஷம் இந்தியர், பாகிஸ்தானியருக்கென்று வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தும், கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். என் அப்பா பிறந்த அன்றைக்கே நாடற்றவர். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கு வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரண்டு நாடும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டன. இவ்வளவு பேரில் ஒருவரைக்கூட அருகில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போட்ட கையெழுத்து இல்லை அது. குடும்ப வரலாறு எழுதுவது நமக்கு வெறும் ஆசைக்கான விஷயம் இல்லை என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். பாட்டன் எங்கே பிறந்தான் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால்தான் நம் ஆட்கள் இரண்டு கரைக்கும் நடுவில் நின்றார்கள்.

பெட்டியில் வேறு என்ன தேடலாம்? இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்தை விட்டு விலகும்போது கொடுக்கும் பத்துச்சீட்டு, சேமலாப நிதிக் (பி.எஃப்.) கணக்கு, பள்ளிக்கூடச் சான்றிதழ். பத்துச்சீட்டில் தோட்டத்தின் பெயர் இங்கிலீஷில் இருக்கும். அப்பாவும் அத்தையும் சொல்லும் பெயர் வேறாக இருக்கும், ஏனென்றால் பல தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று தனியாக உண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், தோட்டத்தில் எந்த டிவிஷன் (பிரிவு) என்பதையும் சேர்த்து. தோட்டமும் டிவிஷனும் தெரிந்தால் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் (நம் தாலுகா ஆபீஸ் மாதிரி) பிறப்புப் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே இருக்கும் அத்தை பிள்ளைகள் யாராவது நேரில் போனால் சுலபம். கிடைத்தால் அதில் இருக்கும் தேதியும் உங்கள் அப்பாவின் ரேஷன் கார்டில் இருக்கும் வயதும் ஒத்துப்போகாது. பதற வேண்டாம், எங்கள் வீட்டிலும் மூன்று காகிதத்தில் மூன்று வயது. மூன்றையுமே எழுதிவிடுங்கள்.

ஆனால் ஃபேமிலி கார்டு ஒன்றை மறைக்கும். அதில் யார் இல்லை என்பதை அது சொல்லாது. எங்கள் கார்டில் தாத்தா, அப்பாயி, அப்பா, சித்தப்பா, நாலு பேர்தான். அத்தை இல்லை. அத்தை அதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். மாமா வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேரில் இரண்டு பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்படும் அந்த ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே பிளாட்பாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். அப்பா அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. உங்கள் அப்பாவும் பேசாமல் இருந்ததற்கு இப்படி ஏதாவது இருக்கலாம். அதனால் கார்டை எடுத்ததும், அதில் இல்லாத பேர்களின் பட்டியல் ஒன்று போடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்கள், பிள்ளையிலேயே இறந்தவர்கள், கோபித்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனவர்கள். அங்கேதான் உங்கள் குடும்பத்தின் பாதிக் கதை இருக்கிறது.

அப்பாவின் வருஷத் திதி முடிந்த வாரம், அத்தையிடம் வீடியோவில் பேசினேன். எழுபத்தைந்து வயது, காது கொஞ்சம் மந்தம். "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்று கேட்டால் "நல்ல பையன்டா, என்னத்தச் சொல்ல" என்று அழுதுவிடுகிறார். அப்படியே இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை வேறு மாதிரி கேட்டேன். "நீங்க இருந்த லயத்துல மொத்தம் எத்தனை காம்பரா?" அவ்வளவுதான். அத்தை எழுந்துபோய் ஒரு கை நிறையக் காய்ந்த மிளகாயைக் கொண்டுவந்து தரையில் வரிசையாக வைத்தார். பேரன் ஃபோனைத் தாழப் பிடித்தான். பன்னிரண்டு மிளகாய். "இது தொங்கல் காம்பரா, இங்கதான் சில்லறைக் கங்காணி. இதுல நம்ம. இதுக்கு அடுத்தாப்புல உங்க அப்பாயியோட அண்ணன். இந்தா, இது பூட்டிக் கெடந்துச்சு, புள்ளத்தாச்சி ஒருத்தி செத்துப்போனதால யாரும் வரல." ஒவ்வொரு மிளகாயையும் தொட்டுத் தொட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேர் எப்படிப் படுத்தார்கள், அடுப்பு எந்த மூலை, அப்பா எந்தச் சுவர் ஓரம் படுப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவரை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகும்போது அப்பாயி முந்தானையை எப்படிப் பிடித்துக்கொள்வார். கடைசியில், நான் கேட்காமலே சொன்னார்: "எங்கம்மா அரைப்பேரு வாங்கியிருக்கு. அவன் வேலைக்குப் பேரு பதிஞ்ச நாள்லேர்ந்து ஒரு நாளும் வாங்கினதில்ல."

ஆளைப் பற்றிக் கேட்டால் வயதானவர்கள் தடுமாறுவார்கள். இடத்தைப் பற்றிக் கேட்டால் ஆள் தானாக வந்து நிற்பார். லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் யார் என்று கேட்பதில் இன்னொரு பலனும் உண்டு. கங்காணிமார் தங்கள் ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான் ஆள் கட்டிக் கூட்டிப்போனார்கள். அதனால் ஒரே லயத்தில் சொந்தக்காரர்களும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்தே இருப்பார்கள். உங்கள் ஊர் மறந்துபோயிருந்தாலும், அடுத்த காம்பராக்காரருடைய ஊர் யாருக்காவது ஞாபகம் இருக்கும்.

வருஷம் கேட்டாலும் அப்படித்தான். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "பாணுக்கு விடிய விடிய வரிசையில நின்னீங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேளுங்கள். அது 1973, 74 காலத்துப் பஞ்சம், தோட்டங்களில் பட்டினிச் சாவே நடந்தது. "வெள்ளக்காரத் தொரை போயி அரசாங்கம் எடுத்ததுக்கு அப்புறமா?" என்றால் 1975-ஐ ஒட்டி. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். ஊர் கலவரம் என்றால் 1977-ஆ 83-ஆ என்று மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கப்பலில் வந்தவர்கள் என்றால் 1984-க்கு முன்பு, அதற்குப் பிறகு அந்தக் கப்பலே ஓடவில்லை.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? பூட்டன் எந்தக் காலத்தில் கண்டிச் சீமைக்குப் போனார் என்பதை வழியை வைத்து ஓரளவு பிடிக்கலாம். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டில் நடந்தார்கள் என்று வீட்டில் ஒரு கதை இருந்தால், அது பெரும்பாலும் 1900-க்கு முந்தியது. தாது வருஷப் பஞ்சத்தில் போனவர்கள் என்று சொன்னால் 1876-லிருந்து 78-க்குள். தட்டப்பாறை கேம்ப் என்ற பேர் வந்தால் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போனவர்கள். மண்டபம் கேம்பில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள் என்றால் பாம்பன் பாலம் திறந்த 1914-க்குப் பிறகு. எங்கள் வீட்டில் அப்பாயி சொன்ன ஒரே கதை, பூட்டனின் இடுப்பில் கட்டியிருந்த தகரத் துண்டைப் பற்றியது. தோட்டத்து நம்பர் குத்திய தகரம். அதை எடுத்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தூங்கும்போதுகூட அவிழ்க்கமாட்டாராம். அந்தத் துண்டு போன நூற்றாண்டின் முதல் இருபது வருஷத்தைக் காட்டுகிறது.

சொந்த ஊரைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்று இருந்தால் இன்றைய திருச்சியில் மட்டும் தேடாதீர்கள். பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. 'சேலம் ஜில்லா' என்றால் நாமக்கல்லாகவும் இருக்கலாம், நாமக்கல் 1997-ல்தான் பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், 1974-ல்தான் மாவட்டம்.

ஊர்ப் பேரே தெரியாவிட்டால் குலதெய்வத்தைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தடயங்களையும்விட இதுதான் உறுதி. தோட்டத்தில் ஊர்ப்பேர் மறந்தவர்கள்கூட, பிள்ளைக்கு முதல் முடி எடுக்கும்போது எந்தச் சாமியை நினைத்துக் காசு முடிந்து வைத்தோம் என்பதை மறக்கவில்லை. அப்பா மஞ்சள் துணியில் முடிந்த காசை எந்தச் சாமி பேர் சொல்லி எடுத்து வைத்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்தப் பேரை வைத்து, மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடும் நாளில் போய் நில்லுங்கள். வரி கொடுக்கிற குடும்பங்களின் பட்டியல் கோயில் நோட்டில் இருக்கும். நான் போனபோது ஒரு பெரியவர், "கண்டிக்குப் போன வகையறா ஒண்ணு உண்டுன்னு எங்கப்பன் சொல்லும்" என்றார். ஆனால் முதல் அரை மணி நேரம் யாரும் முகம் கொடுக்கவில்லை. நூறு வருஷம் கழித்து வருகிறவன் நிலத்தில் பங்கு கேட்கத்தான் வருவான் என்று பயப்படுகிறார்கள். அதனால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "சொத்துக் கேட்க வரலீங்க, அப்பா தவறிட்டாரு, பேர் மட்டும் கேட்டுட்டுப் போக வந்தேன்." அதற்கப்புறம் கிடைத்த மரியாதையே வேறு. மோர் வந்தது, சாப்பாடு வந்தது, மூன்று தலைமுறைப் பேரும் வந்தது. பூட்டனுடைய பேர்தான் அப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அப்பாவுக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

எழுதும்போது பிறப்பிலிருந்து இறப்பு வரை வரிசையாக எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பா வைத்திருந்த ஒரு பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். நான் கவ்வாத்துக் கத்தியிலிருந்து ஆரம்பித்தேன். டிக்கோயாவிலிருந்து பெட்டியில் வந்த கத்தி. பிடியில் அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் குழிந்து மழமழப்பாக இருக்கும். நான் பிடித்தால் என் கை அந்தக் குழியில் உட்காராது, அவருக்குக் கட்டை விரல் நீளம். ஒரு கரையில் இருபது வருஷத்துக்கு மேல் வளர்ந்த பழக்கத்தை அப்படியே இன்னொரு கரைக்குக் கொண்டுவந்து, அதே செடியை வெட்டி எங்களைப் படிக்க வைத்தார். கத்தி எப்படி வந்தது, யார் கொடுத்தது, எந்தக் கல்லில் தீட்டுவார் என்று எழுதப் போனதில், அவர் வாழ்க்கை முழுக்கவே உள்ளே வந்துவிட்டது.

அப்பாவின் குறைகளையும் எழுதுங்கள். என் அப்பாவுக்குக் கோபம் அதிகம், சம்பள நாளில் குடிப்பார். எழுதலாமா கூடாதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதினேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்பதான் அவரு மாதிரி இருக்கு" என்றார்.

முதல் வேலையாக அத்தையைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும், அத்தை வயது காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம், கொழுந்து மலைக்குப் போன பிள்ளைகளும் அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார்கள், ஃபோனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அங்கேயும் இங்கேயும் மணி ஒன்றுதான். ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, லயத்தில் எத்தனை காம்பரா என்று கேளுங்கள்.